மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை: சத்துக் குறைபாட்டைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

களைப்பு, முடி கொட்டுதல், கை கால் மரத்துப்போதல் என்று ஏதாவது ஒன்று தொடங்கினால் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். மல்ட்டிவைட்டமின் டப்பா ஒன்றை வாங்கி விழுங்க ஆரம்பிக்கிறார்கள். இல்லையென்றால் எழுபது எண்பது சோதனைகள் கொண்ட பெரிய பேக்கேஜ் ஒன்றை எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்ததற்கெல்லாம் ஆளுக்கொரு மாத்திரை தேடுகிறார்கள். இரண்டிலும் காசு போகும், குழப்பம் மிஞ்சும்.

ரத்தப் பரிசோதனை உருப்படியாகப் பயன்பட வேண்டுமானால் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். ரத்தத்தில் ஓடும் சத்து வேறு, உடம்பில் சேர்ந்திருக்கும் சத்து வேறு. சாலையில் ஓடும் லாரிகளை எண்ணிக் கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சில சத்துகளில் ரத்தம் இருப்பை உள்ளபடி காட்டும். சிலவற்றில் அரைகுறையாகக் காட்டும். மெக்னீசியம், கால்சியம் போன்றவற்றில் ரத்த அளவை நம்பினால் ஏமாந்துதான் போவோம்.

படி 1: முதலில் கேள்வி, அப்புறம் சோதனை

லேபுகள் தரும் 'நார்மல்' எல்லை பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் அளவுதான். அதாவது, எந்தக் கோளாறும் இல்லாத 100 பேரில் 5 பேர் அந்த எல்லைக்கு வெளியே விழுவார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் செய்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கும் குறைந்தது ஒன்றாவது 'அப்நார்மல்' என்று வர ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பெரிய பேக்கேஜ் எடுத்தவர் கையில் எப்போதும் ஒரு கவலை இருப்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அதனால் உங்களுக்கு எது குறைய வாய்ப்பு இருக்கிறது என்று யோசித்துவிட்டுச் சோதனையைத் தேர்ந்தெடுங்கள். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, கர்ப்பம், அடிக்கடி ரத்ததானம் என்றால் இரும்பு. இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாதவர்கள், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினைப் பல வருடமாக எடுப்பவர்கள், அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரையை நீண்ட நாள் எடுப்பவர்கள், வயதானவர்கள் என்றால் பி12. வெயிலே படாத வாழ்க்கை, எலும்பு வலி, எலும்பு மெலிவு என்றால் வைட்டமின் டி. இரைப்பை, குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் சீலியாக் போன்ற உறிஞ்சுதல் கோளாறு உள்ளவர்களுக்கும் பட்டியல் நீளும். அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் முழுத் தொகுப்பே சரி.

எந்தத் தொந்தரவும் இல்லாதவர் சும்மா பார்த்துவைக்கலாமே என்று கேட்டால், வைட்டமின் டி விஷயத்தில் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியே 2024-ல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக அந்தச் சோதனை செய்யத் தேவையில்லை என்பது அவர்களின் பரிந்துரை.

படி 2: ஊசி குத்துவதற்கு முன்

மாத்திரையைத் தொடங்கும் முன்பே ரத்தம் கொடுங்கள். குறிப்பாக பி12. சில நாள் விழுங்கினாலே ரத்த அளவு எகிறிவிடும். அதற்குப் பிறகு, முதலில் குறைபாடு இருந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது பெரும் பாடு. நரம்புத் தொந்தரவு ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மட்டும், ரத்தம் கொடுத்த கையோடு ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவது சரி.

காய்ச்சல், சளி, தொற்று இருக்கும் நாட்களில் சத்துச் சோதனை வேண்டாம். உடம்பில் அழற்சி இருந்தால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஏறும், துத்தநாகமும் ரத்தத்தில் ஓடும் இரும்பும் இறங்கும். மூன்றுமே தப்பான படம் காட்டும். இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள்.

காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் முக்கியம், பி12-க்கு அவ்வளவு அவசியமில்லை. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். இரும்பு மாத்திரை ஏற்கெனவே எடுப்பவர்கள் முந்தைய 24 மணி நேரம் நிறுத்திவைப்பது நல்லது. ரத்தம் எடுக்கும்போது கையை விடாமல் இறுக்கி மூடித் திறந்துகொண்டிருந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். குழாயில் ரத்த அணுக்கள் உடைந்துபோனாலும் பொட்டாசியம், மெக்னீசியம், இரும்பு எல்லாம் கூடுதலாகக் காட்டும். ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைஸ்ட்' என்ற குறிப்பு இருந்தால் அந்த எண்களை விட்டுவிட்டு மறுபடி கொடுங்கள்.

பயோட்டின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முடி, நகத்துக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும். ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம்தான். பல லேப் கருவிகள் பயோட்டினையே சோதனையின் ஒரு பாகமாகப் பயன்படுத்துகின்றன. அந்த வகைக் கருவியில், உங்கள் ரத்தத்தில் மிதக்கும் கூடுதல் பயோட்டின் ஃபெரிட்டினையும் தைராய்டு சோதனையான டிஎஸ்ஹெச்சையும் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம், வைட்டமின் டி-யையும் பி12-ஐயும் பொய்யாகக் கூட்டிக் காட்டலாம். இல்லாத தைராய்டு நோய்க்கு மருந்து வரை போகக்கூடிய சமாசாரம் இது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-ல் இதைப் பற்றி எச்சரித்தது. சோதனைக்குக் குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, எடுத்துக்கொண்டிருந்த விஷயத்தை லேபிலும் சொல்லிவிடுங்கள்.

படி 3: எந்தச் சத்துக்கு எந்தச் சோதனை

இரும்பு

ஹீமோகுளோபின் நார்மல் என்பதால் இரும்பு நார்மல் என்று முடிவுகட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. இரும்பு குறையும்போது முதலில் காலியாவது சேமிப்பு, அதைக் காட்டுவது ஃபெரிட்டின். அடுத்து ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தின் நிரம்பிய அளவு, அதாவது டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், குறையும். கடைசியில்தான் ஹீமோகுளோபின் இறங்கும். ஆகவே முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், கூடவே அழற்சியைக் காட்டும் சிஆர்பி, இந்த நான்கையும் ஒரே ரத்தத்தில் பாருங்கள். சீரம் அயர்ன் என்ற ஒற்றை எண் காலைக்கும் மாலைக்கும் மாறும், சாப்பிட்டால் மாறும். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஒரு ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12.4. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ரத்தசோகை 12-க்குக் கீழே போனால்தான், ஆக இது பாஸ். எம்சிவி 79, அதாவது சிவப்பணுவின் அளவு, 80-க்குச் சற்றே கீழே. ஆர்டிடபிள்யூ 16, அணுக்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து வருகின்றன என்று அர்த்தம். ஃபெரிட்டின் 9, சிஆர்பி நார்மல். ஆரோக்கியமான பெரியவருக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழ் என்றால் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பல மருத்துவர்கள் 30-லேயே உஷாராகிவிடுவார்கள். ஆக இவருக்கு ரத்தசோகை இல்லை, ஆனால் சேமிப்பு காலி. களைப்புக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

இன்னொருவருக்கு ஃபெரிட்டின் 55, சிஆர்பி 30. எண்ணை மட்டும் பார்த்தால் நிம்மதி. ஆனால் அழற்சியோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் 70-க்குக் கீழ் என்றாலே குறைபாடாக இருக்கலாம் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

எம்சிவி குறைவு, ஆனால் ஃபெரிட்டின் தாராளம் என்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபணு ஒற்றையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்களுக்கு இரும்பு மாத்திரை பயன்படாது, தேவையில்லாமல் சேரவும் செய்யும். இரும்பும் பி12-ம் ஒருசேரக் குறைந்தால் ஒன்று அணுவைச் சிறிதாக்கும், மற்றது பெரிதாக்கும், சராசரி பார்க்க அழகாக நார்மலில் நிற்கும். அப்போது ஆர்டிடபிள்யூ உயர்ந்திருப்பதுதான் காட்டிக்கொடுக்கும்.

போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன். இரும்புக் குறைபாடு இருக்கும்போது மூன்று மாத சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்பது நல்லது.

வைட்டமின் பி12

200 பிகோகிராமுக்குக் கீழ் குறைபாடு, 300-க்கு மேல் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நடுவில் இருக்கும் அந்த 200 முதல் 300 வரைதான் வில்லங்கமான இடம். அங்கே மாட்டிக்கொண்டால் மீத்தைல் மெலோனிக் அமிலம் என்ற சோதனை உதவும். செல்லுக்குள் பி12 போதாதபோது அது ஏறும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் ஏறும் என்பதால் கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹோமோசிஸ்டீனும் ஏறும், ஆனால் ஃபோலேட், பி6 குறைந்தாலும் அது ஏறுவதால் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது.

சோதனை நார்மல், ஆனால் பாதம் மரத்துப்போகிறது, நடை தடுமாறுகிறது, ஞாபகம் தவறுகிறது என்றால் எண்ணை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். வயிற்றில் பி12-ஐப் பிடித்துக்கொடுக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டருக்கு எதிராக உடம்பே எதிர்ப்புப் பொருள் உண்டாக்கும் பெர்னீஷியஸ் அனீமியா என்ற நோயில், அந்த எதிர்ப்புப் பொருளே சில கருவிகளைக் குழப்பி அளவை நார்மலாகக் காட்டிவிடுவதும் உண்டு. மாத்திரை எதுவும் எடுக்காமலேயே பி12 மிக அதிகமாக வந்தால் அதுவும் கவனிக்க வேண்டியதுதான். கல்லீரல் நோய், சில ரத்த நோய்களில் அப்படி வரும்.

ஃபோலேட்டைத் தனியாகக் கூட்டும் முன் பி12-ஐப் பார்த்தே ஆக வேண்டும். ஃபோலிக் அமிலம் ரத்தசோகையைச் சரிசெய்து ரிப்போர்ட்டை அழகாக்கிவிடும், உள்ளே நரம்பு கெடுவது மட்டும் நிற்காது. சீரம் ஃபோலேட் சமீப நாட்களில் சாப்பிட்டதைத்தான் சொல்லும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வைட்டமின் டி

கேட்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. 1,25-டைஹைட்ராக்ஸி என்று இன்னொன்று இருக்கிறது. பெயர் பெரிதாக இருப்பதால் மேலானது என்று நினைத்துவிட வேண்டாம், குறைபாட்டிலும் அது நார்மலாகவே இருக்கலாம்.

எவ்வளவு போதும் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்பின் அறிக்கை, 20 நானோகிராம் பெரும்பாலானவர்களின் எலும்புக்குப் போதும் என்றது. எண்டோகிரைன் சொசைட்டி 2011-ல் 30 வேண்டும் என்றது, 2024-ல் அந்த இலக்கையே கைவிட்டது. ஆனால் பல லேப் ரிப்போர்ட்டுகளில் 30-க்குக் கீழே எல்லாம் இன்னமும் 'போதாது' என்றுதான் அச்சாகிறது. 24 என்று வந்தவர் பதற வேண்டியதில்லை என்பது என் கருத்து. 12-க்குக் கீழே வந்தால் கால்சியம், அல்கலைன் பாஸ்படேஸ், பாராதைராய்டு ஹார்மோன் எல்லாம் பார்த்துச் சிகிச்சை தொடங்க வேண்டும்.

மற்றவை

மெக்னீசியத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவானதே சீரத்தில் இருக்கிறது. அளவு குறைந்து வந்தால் குறைபாடு நிச்சயம், நார்மலாக வந்தால் எதுவும் நிச்சயமில்லை. கால்சியம் இன்னும் மோசம். 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது, ரத்தத்தில் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் சமன்செய்துவிடும். அதனால் ரத்தத்தில் கால்சியம் நார்மல் என்பது நீங்கள் போதிய கால்சியம் சாப்பிடுகிறீர்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது. வைட்டமின் ஏ-யும் கல்லீரல் இருப்பு கிட்டத்தட்டத் தீர்ந்த பிறகே ரத்தத்தில் இறங்கும். அயோடினை ஒரே ஒரு சிறுநீர் சோதனையில் தனிநபருக்குக் கணிக்க முடியாது, அது ஊர் முழுவதன் நிலையை அறிய உதவும் சோதனை. தலைமுடியை வெட்டி அனுப்பித் தாதுச் சத்து பார்க்கும் சோதனைகளை வைத்து மாத்திரை தீர்மானிப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

படி 4: எண்ணைப் படிப்பதற்கு முன் அலகைப் படியுங்கள்

வைட்டமின் டி 40 என்று ஒருவர் சந்தோஷப்படுகிறார். அது நானோகிராம்/மில்லிலிட்டர் என்றால் தாராளம். நானோமோல்/லிட்டர் என்றால் 16 நானோகிராம்தான், குறைவு. நானோமோலை 2.5-ஆல் வகுத்தால் நானோகிராம் கிடைக்கும். பி12-லும் இதே கதை: 200 பிகோகிராம்/மில்லிலிட்டர் என்பது ஏறக்குறைய 148 பிகோமோல்/லிட்டர். ஃபெரிட்டினில் மட்டும் தப்பித்தோம், நானோகிராம்/மில்லிலிட்டரும் மைக்ரோகிராம்/லிட்டரும் ஒரே எண்தான். லேப் மாற்றினால் கருவி மாறும், எண்ணும் கொஞ்சம் மாறும். முடிந்தவரை ஒரே லேபில் தொடருங்கள்.

படி 5: ஏன் குறைந்தது என்று கேளுங்கள்

இதைத் தாண்டிக் குதித்து மாத்திரைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், இரைப்பையிலோ குடலிலோ சத்தமில்லாமல் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். புண், கட்டி, புற்றுநோய் கூட அப்படித்தான் முதலில் தெரியவரும். மாத்திரை போட்டு ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டால் அந்த ஒரே அறிகுறியும் மறைந்துபோகும். பி12 குறைந்தவர் அசைவம் தாராளமாகச் சாப்பிடுபவர் என்றால் பிரச்சினை உணவில் இல்லை, உறிஞ்சுவதில் இருக்கிறது. மலம் கறுப்பாகப் போவது, நெஞ்சு வலி, படியேறினால் மூச்சு வாங்குவது, மயக்கம் இருந்தால் இந்தப் படிகளை எல்லாம் விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

படி 6: அளவு, நேரம், சேர்க்கை

ஒரே நாளில் ஐந்து மாத்திரை தொடங்கினால் எது உதவியது, எது வயிற்றைக் கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது. மோசமாகக் குறைந்ததில் தொடங்குங்கள், இரண்டு வாரம் கழித்து அடுத்தது.

இரும்பை அதிகமாகப் போட்டால் அதிகம் சேரும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. ஒரு டோஸ் போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய 24 மணி நேரம் குடலின் கதவைச் சாத்திவைக்கும். சூரிச் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இரும்பு குறைந்த பெண்களுக்கு 60 மில்லிகிராம் தினமும் கொடுத்தபோது 16.3 சதவீதமும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தபோது 21.8 சதவீதமும் உடம்பில் சேர்ந்தன. மலச்சிக்கல், குமட்டலால் இரும்பைக் கைவிட்டவர்கள் இந்த முறையை மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். காலையில் வெறும் வயிற்றில், வைட்டமின் சி-யோடு நல்லது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அருகில் வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நடுவில் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இரும்பு டப்பாவைப் பூட்டி வையுங்கள், சிறு குழந்தைக்கு அது உயிரைப் பறிக்கும் விஷம்.

பி12-க்கு ஊசிதான் வேண்டும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. உறிஞ்சும் வழி கெட்டிருந்தாலும் வாய்வழி டோஸில் சுமார் 1 சதவீதம் தானாகவே உள்ளே போகும். 1000 மைக்ரோகிராமில் 1 சதவீதம் 10 மைக்ரோகிராம், ஒரு நாள் தேவையோ 2.4 மைக்ரோகிராம்தான். நரம்புப் பாதிப்பு இருந்தால் மட்டும் பேச்சே இல்லை, ஊசியில் தொடங்குவதுதான் வழக்கம்.

வைட்டமின் டி-க்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. தினம் 100 ஐ.யு. எடுத்தால் அளவு சுமார் 1 நானோகிராம் ஏறும். 12-ல் இருப்பவர் 25-க்குப் போக நாளைக்கு 1300 ஐ.யு. அளவில் வரும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு இதைவிட இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம். வாரம் ஒரு முறை போட வேண்டிய 50,000 ஐ.யு. மாத்திரையைத் தினமும் போட்டுவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. கால்சியம் ஏறி, வாந்தி, தீராத தாகம், குழப்பம் என்று போய்ச் சிறுநீரகம் வரை பாதிக்கும். சீட்டில் எழுதியிருப்பதை இன்னொரு முறை படித்துவிட்டுப் போடுங்கள்.

துத்தநாகம் நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் போனால் தாமிரம் குறையும். அது ரத்தசோகையையும் நரம்புப் பாதிப்பையும் கொண்டுவந்து, பார்ப்பதற்கு பி12 குறைபாடு போலவே இருக்கும். பி6-ம் அப்படித்தான்: நரம்புக்கு நல்லது என்று போடப்படுவது, அதிகமானால் நரம்பையே கெடுக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் அதன் உச்ச வரம்பை நாளைக்கு 12 மில்லிகிராமாகக் குறைத்தது. இரண்டு மூன்று டப்பாக்கள் ஒன்றாக எடுப்பவர்கள் எல்லா லேபிளிலும் இருக்கும் பி6-ஐயும் துத்தநாகத்தையும் கூட்டிப் பாருங்கள். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ அதிகமுள்ள மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவருக்குத் தெரியாமல் வைட்டமின் கே-யைத் தொடக்கூடாது.

படி 7: மறுசோதனை எப்போது

இரும்பு தொடங்கி நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை ஒழுங்காகப் போகவில்லை, அல்லது உறிஞ்சவில்லை, அல்லது ரத்தம் இன்னும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. ஹீமோகுளோபின் சரியான அன்றே நிறுத்திவிடக் கூடாது. சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் பிடிக்கும், நிறுத்தலாமா என்று ஃபெரிட்டினைப் பார்த்துத் தீர்மானியுங்கள். ரத்த நாளம் வழியாக இரும்பு ஏற்றியிருந்தால் முதல் சில வாரங்களுக்கு ஃபெரிட்டின் தாறுமாறாக உயர்ந்து காட்டும், அதற்குள் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வைட்டமின் டி மூன்று மாதத்துக்கு முன் பார்ப்பது வீண். அது ஒரு நிலைக்கு வந்து நிற்கவே அவ்வளவு காலமாகும். பி12 மாத்திரை எடுக்கும்போது சீரம் அளவு எப்படியும் உயர்ந்துதான் வரும். ஆகவே அறிகுறியையும், முன்பு மீத்தைல் மெலோனிக் அமிலம் ஏறியிருந்தால் அது இறங்கியதா என்பதையும் பாருங்கள். மரத்துப்போன கால் தேற மாதக்கணக்கில் ஆகலாம்.

டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 45 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பை நிறுத்திவிட்டு, இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரை நோய் இருக்கிறதா என்று கேளுங்கள். குறைபாட்டுக்கான காரணம் போய்விட்டால் மாத்திரையும் போகலாம். பெர்னீஷியஸ் அனீமியா உள்ளவர்களுக்கும், இரைப்பையை அகற்றியவர்களுக்கும், விலங்கு உணவை முற்றிலும் விட்டவர்களுக்கும் காரணம் போகாது. அவர்களுக்கு பி12 ஆயுள் முழுக்க, ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக வந்தாலும்.